விடைபெறவும் நேரம் வேண்டும்

மனநல ஆலோசகரிடம் ஆண்டுக்கணக்கில் வாராவாரம் போய்வந்த ஒருவர், அந்தச் சிகிச்சை முடிந்ததும் துவண்டுபோனால் சுற்றியிருப்பவர்களுக்கு விளங்குவதில்லை. “சரியாகித்தானே நிறுத்தினாய், அப்புறம் என்ன?” என்பார்கள். அப்படிக் கேட்கவாவது ஆள் இருந்தால் அதிர்ஷ்டம். கவுன்சிலிங் போவதையே வெளியில் சொல்லாத வீடுகள் நம்மிடையே நிறைய. ஒளித்துப் போய்வந்த இடத்தை இழந்தால் அந்த இழப்பையும் ஒளிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஊரார் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் 1989இல் ஒரு நூலே தொகுத்தார். விசாரிக்க யாரும் வராத துக்கம் ஆறுவது கடினம் என்பது அதன் சாரம். சிகிச்சையின் முடிவையும் தாராளமாக அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால், அந்த வருத்தத்துக்குப் பயந்து சிகிச்சையை நீட்டிக்கொண்டே போவதும் சரியில்லை. யார் முடிவெடுத்தார்கள், எத்தனை நாள் முன்னதாகச் சொன்னார்கள், அதைப் பற்றிப் பேச இடம் கொடுத்தார்களா என்பவற்றைப் பொறுத்தே அந்த முடிவு ஆறுகிறது அல்லது புண்ணாகிறது என்பது என் கட்சி.

இதற்குப் பழைய சாட்சி வியன்னாவில் இருக்கிறது. செர்கேய் பன்கேயெவ் என்ற ரஷ்யப் பணக்கார இளைஞர் 1910இல் சிக்மண்ட் ஃபிராய்டிடம் சிகிச்சைக்கு வந்தார். மரத்தில் ஓநாய்கள் உட்கார்ந்திருப்பதாகச் சிறுவயதில் கண்ட கனவால் ‘ஓநாய் மனிதர்’ என்றே உளவியல் வரலாற்றில் அவருக்குப் பெயர். சிகிச்சை ஓரிடத்தில் தேங்கிப்போய் நோயாளி அதிலேயே சுகமாக உட்கார்ந்துவிட்டார் என்று ஃபிராய்டுக்குத் தோன்றியது. இந்த நாளோடு முடித்துக்கொள்வோம், பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சரி என்று கெடு வைத்தார். கெடு வேலை செய்தது. அடைபட்டிருந்த நினைவுகள் மளமளவென்று வெளிவந்தன. 1914 கோடையில் முழுதாகக் குணமாகிவிட்டார் என்று நம்பி அனுப்பிவைத்தார். போருக்குப் பின் பன்கேயெவ் திரும்பி வந்தார். 1926இல் ஃபிராய்டின் மாணவி ரூத் மாக் பிரன்ஸ்விக்கிடம் மறுபடியும் சிகிச்சைக்குப் போனார். 1979இல் இறக்கும்வரை ஏதோவொரு விதத்தில் உளப்பகுப்பாய்வாளர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்துகொண்டே இருந்தது. சிகிச்சைக்கு முடிவு உண்டா என்பதைப் பற்றியே 1937இல் ஃபிராய்டு ஒரு கட்டுரை எழுதினார். கெடு வைப்பது ஒருவகை மிரட்டல் என்று அதில் அவரே ஒப்புக்கொண்டார். மிரட்டலுக்கு மனத்தின் ஒரு பகுதி திறந்துகொடுக்கும், இன்னொரு பகுதி இன்னும் ஆழமாகப் புதைந்துகொள்ளும் என்றார்.

பன்கேயெவ் ஆறாமல் போனதற்குக் கெடுதான் காரணம் என்பதை மறுக்க வலுவான காரணம் உண்டு. ரஷ்யப் புரட்சி பன்கேயெவின் சொத்தையும் நாட்டையும் பறித்தது, 1938இல் அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். இத்தனை இடிகளுக்கும் ஃபிராய்டின் கெடுவைக் குறைசொல்வது நியாயமில்லைதான். கெடுவே தப்பு என்றும் சொல்ல முடியாது. 1973இல் ஜேம்ஸ் மான் என்ற மருத்துவர் முன்வைத்த முறையில் மொத்தமே 12 அமர்வுகள். கடைசி நாள் எது என்பது தொடக்கத்திலேயே இருவருக்கும் தெரியும், பிரிவைப் பற்றிப் பேசுவதே சிகிச்சையின் மையம். இரண்டிலும் கெடு உண்டு. ஒன்றில் அது நடுவழியில் மேலிருந்து விழுந்தது, மற்றதில் முதல் நாளே மேசைமீது இருந்தது.

இன்னொரு மறுப்பு காசு பற்றியது. கட்டணம் கொடுத்து வாங்கிய உறவுக்கு எதற்கு அழ வேண்டும் என்று கேட்கிறார்கள். கட்டணம்தான் அந்த உறவை அபூர்வமாக்குகிறது என்பேன். அங்கே எதிரில் இருப்பவரின் குடும்பக் கஷ்டத்தைப் பதிலுக்கு விசாரிக்க வேண்டாம், மனம் நோகுமோ என்று வார்த்தையை அளக்க வேண்டாம், அடுத்த கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டுமே என்ற கூச்சமும் வேண்டாம். நல்ல நண்பர்கூட இந்த வசதியைத் தர முடியாது. போனது அந்த இடம். அழுதால் என்ன?

அழுவது சார்பின் அடையாளம் இல்லையா என்றால், எப்போதும் இல்லை. வேலைக்குப் போய், தூங்கி எழுந்து, அமர்வு நடந்துவந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு மட்டும் வெறுமையாக உணர்கிறவர் நோயாளி அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் அது வேறு, உதவி தேட வேண்டும். மார்க்ஸ், கெல்சோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987இல் பல்கலைக்கழக ஆலோசனை மையம் ஒன்றில் ஆராய்ந்தபோது, முடிவைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தவர்களே அதிகம் இருந்தார்கள். மாணவர்களின் குறுகிய சிகிச்சையை வைத்து நெடுங்கால உறவுக்குத் தீர்ப்பெழுத முடியாது. ஆனாலும் சிகிச்சை முடிந்தாலே இடிந்துபோவார்கள் என்ற அச்சத்துக்கு அது நல்ல பதில்.

நோயாளிகள் பக்கமும் பிழை இருக்கிறது. 2012இல் ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விட்டிருந்தார். கடைசி அமர்வு நெருங்கும்போது ‘ஜுரம்’ என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நழுவிவிடும் ஆசை பலருக்கும் வரும். அப்படி நழுவினால் பிரிவு பேசப்படாமலே நின்றுவிடுகிறது. நீங்கள் நிறுத்த நினைத்தால் சில வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். ஆலோசகர் நிறுத்துகிறார் என்றால் காரணம் கேளுங்கள், விடைபெற இன்னும் சில அமர்வுகள் கேளுங்கள், அடுத்து யாரைப் பார்க்கலாம் என்றும் கேளுங்கள். கோபம் இருந்தால் அதையும் அந்த அறையிலேயே சொல்லுங்கள். கடைசி அமர்வுக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள்.