பங்கு கேட்டு நீதிமன்றம் போனால் எவ்வளவு செலவாகும்? வழக்கறிஞர் கட்டணமும் நாம் அறியாத கணக்கும்

"வக்கீலுக்குக் கொடுக்கவே உன் பங்கு போதாது. பேசாமல் கொடுப்பதை வாங்கிக் கொள்." தந்தையின் சொத்தில் பங்கு கேட்கும் சகோதரிகளிடம் நம் குடும்பங்களில் சொல்லப்படும் வாசகம் இது. பல நேரங்களில் அந்த ஒரு வாசகத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனக்குறையோடு வீடு திரும்புகிறார்கள்.

சூரா அந்நிஸாவில் இறைவன் பெண்களுக்கு வரையறுத்துத் தந்த பங்கு, வழக்கறிஞர் கட்டணம் குறித்த அச்சத்தால் பறிபோகிறது என்றால், அந்த அச்சம் எந்த அளவுக்கு உண்மை என்று பார்த்தாக வேண்டும். வழக்குச் செலவு பெரிதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காதவரை, அது இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும்.

கட்டணத்துக்கு அட்டவணை இல்லை

சிவில் வழக்கு நடத்த ஒரு வழக்கறிஞர் இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று கட்சிக்காரரையும் வழக்கறிஞரையும் கட்டுப்படுத்தும் அரசு விலைப்பட்டியல் எதுவும் இல்லை. ஊர், நீதிமன்றம், வழக்கறிஞரின் அனுபவம், சொத்தின் மதிப்பு, எதிர்தரப்பினரின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை மாறும்.

நடைமுறையில் மூன்று விதங்களில் கட்டணம் பேசப்படுகிறது. முழு வழக்குக்கும் ஒரே தொகை என்பது முதல் விதம். வழக்குத் தாக்கல், சாட்சி விசாரணை, வாதம் எனக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது இரண்டாவது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவ்வளவு என்பது மூன்றாவது. மூன்றாவது விதம் தொடக்கத்தில் மலிவாகத் தெரியும். ஆனால் பாகப்பிரிவினை வழக்கு எத்தனை வாய்தா போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீதிபதி விடுப்பு, எதிர்தரப்பு வரவில்லை, பதிலுரைக்கு அவகாசம் என்று தள்ளிப்போகும் நாட்களுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே முதல் இரண்டில் ஒன்றைப் பேசி முடிப்பதே கட்சிக்காரருக்குப் பாதுகாப்பு.

"இப்போது பணம் வேண்டாம், ஜெயித்தால் சொத்தில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நம்மவர்கள் இணங்கக் கூடாது.

வழக்கறிஞர் கட்டணம் ஒரு பகுதிதான்

நம்மில் பலர் "பீஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறோம். ஆனால் மொத்தச் செலவில் அது ஒரு பகுதியே. நீதிமன்றக் கட்டணம், வக்காலத்து முத்திரை, சம்மன் அனுப்பும் பேட்டா, வில்லங்கச் சான்று, பத்திரங்களின் சான்றிட்ட நகல்கள், தட்டச்சு, சொத்தைப் பார்வையிட நியமிக்கப்படும் ஆணையருக்கான கட்டணம், சர்வேயர் செலவு எனப் பட்டியல் நீளும்.

இவற்றில் பெரியது நீதிமன்றக் கட்டணம். தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, மதிப்பின் அடிப்படையிலான கட்டணம் முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. 2017இல் அது 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்தக் குறைப்பு நடந்து பல ஆண்டுகள் ஆகியும், பழைய விகிதத்தைச் சொல்லிப் பயமுறுத்துவோர் இருக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இறந்த தந்தைக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மனைவியோ பெற்றோரோ உயிருடன் இல்லை. கடனும் வஸிய்யத்தும் போக மீதிச் சொத்தின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் மொத்தம் எட்டு பாகம். ஒரு மகளின் பங்கு 10 லட்சம். அதற்கு 3 சதவீதம் என்றால் 30 ஆயிரம் ரூபாய். பழைய விகிதத்தில் இது 75 ஆயிரமாக இருந்திருக்கும்.

அந்த 30 ஆயிரமும் எல்லா வழக்கிலும் தேவைப்படாது. அந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இரண்டு நிலைகளைச் சொல்கிறது. கூட்டு அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தொடுக்கும் வழக்குக்குப் பங்கின் மதிப்புப்படி கட்டணம். கூட்டு அனுபவத்தில் இருப்பவர் தொடுக்கும் வழக்குக்கு அதைவிட மிகக் குறைந்த நிலையான கட்டணம். அந்த வீட்டில் குடியிருந்தால்தான் கூட்டு அனுபவம் என்பதில்லை. ஒரு பங்குதாரரின் அனுபவம் சட்டத்தின் பார்வையில் எல்லாப் பங்குதாரர்களின் அனுபவமே என்றும், வெளியேற்றப்பட்டதாக மனுவில் தெளிவாகச் சொல்லப்படாதவரை அப்படித்தான் கொள்ள வேண்டும் என்றும், இதே தமிழ்நாட்டுச் சட்டம் குறித்த நீலாவதி எதிர் நடராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் விளக்கியது. எனவே திருமணமாகி வேறு ஊரில் வாழும் சகோதரி என்பதற்காகவே முழுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி வழக்கறிஞரிடம் சொல்லி, எந்த உட்பிரிவில் வழக்கு வரும் என்று தாக்கலுக்கு முன்பே கேட்க வேண்டும்.

ஆண்டுகளே பெரிய செலவு

பாகப்பிரிவினை வழக்கு ஒரே தீர்ப்பில் முடிவதில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை முதலில் வரும். எந்த இடம் யாருக்கு என்று பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணை அடுத்த கட்டம். அதன் பிறகும் எதிர்தரப்பு ஒப்படைக்காவிட்டால் நிறைவேற்று மனு. நடுவில் மேல்முறையீடு, சட்டப் பிரச்சினை இருந்தால் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஒவ்வொரு கட்டத்திலும் கட்டணம் புதிதாகப் பேசப்படும்.

இந்தக் கால நீட்டிப்பு எல்லோருக்கும் சமமான சுமை அல்ல. வீட்டில் குடியிருந்து, கடை வாடகையை வாங்கிக் கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் லாபம். வெளியே நிற்கும் சகோதரிக்கு ஒவ்வொரு வாய்தாவும் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும். அதனால்தான் பங்கோடு சேர்த்து வாடகை வருமானத்தின் கணக்கையும் வழக்கிலேயே கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால் தாமதத்தின் லாபம் முழுவதும் எதிர்தரப்புக்கே போய்ச் சேரும்.

"ஜெயித்தால் செலவை அவனிடமே வாங்கிவிடலாம்" என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பலிப்பதில்லை. செலவுத்தொகை வழங்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் விதிப்படி கணக்கிடப்படும் அந்தத் தொகை, உண்மையில் செலவழித்ததோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. குடும்பச் சொத்து வழக்குகளில் அவரவர் செலவு அவரவருக்கு என்று தீர்ப்பாவதும் சாதாரணம்.

நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது

பணம் கொடுத்த பிறகு வழக்கறிஞர் சரியாக நடத்தவில்லை என்றால் என்ன செய்வது? நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று பலர் எண்ணியிருந்தனர். 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. வழக்கறிஞர் தொழில் தனித்தன்மை உடையது, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்பது தீர்ப்பு. தொழில் ஒழுங்கீனம் என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆவது பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மீண்டும் சிவில் நீதிமன்றம்தான்.

எனவே பாதுகாப்பு என்பது முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவை:

1. பேசிய தொகை எந்தக் கட்டம் வரை? இறுதித் தீர்ப்பாணை மனுவும் அதில் அடங்குமா?
2. நீதிமன்றக் கட்டணம், நகல், ஆணையர் செலவு ஆகியவை அதில் உண்டா, தனியா?
3. வாய்தாவுக்கு நேரில் வருவது அவரா, ஜூனியரா?
4. வழக்கைத் தொடுக்காமல் நோட்டீஸோடோ சமரசத்திலோ முடிந்தால் எவ்வளவு?

பதில்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவதில் தவறில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. வழக்கறிஞரிடம் மட்டும் அது அவமரியாதை ஆகிவிடாது. பணத்தை வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெறுங்கள். அசல் பத்திரங்களைக் கொடுக்க நேர்ந்தால் பெற்றுக் கொண்டதாக எழுதி வாங்குங்கள். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

பெண்ணுக்கு இலவசம் என்று யார் சொன்னார்கள்?

சட்டம் சொல்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களும் குழந்தைகளும் தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளனர். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பட்டியல் இனத்தவர், மாற்றுத் திறனாளிகள் முதலியோருக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்குத்தான் ஆண்டு வருமான வரம்பு உண்டு.

இலவச உதவி என்றால் வழக்கறிஞர் மட்டுமல்ல. நீதிமன்றக் கட்டணம், பேட்டா, நகல் செலவு ஆகியவையும் அதில் அடங்கும். நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு ஆணைக்குழுவே ஊதியம் தருகிறது. அவர் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. வழக்கில் அக்கறை காட்டவில்லை என்றால் அந்த ஆணைக்குழுவிடமே முறையிட்டு வேறு வழக்கறிஞரைக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம்.

ஆக, "வக்கீலுக்குக் கொடுக்கவே உன் பங்கு போதாது" என்று யாரிடம் சொல்லப்படுகிறதோ, அவருக்குத்தான் சட்டம் வழக்கறிஞரை இலவசமாகத் தருகிறது.

வழக்குக்கு முன் ஒரு கணக்கு

அதே குடும்பம் பேசி முடித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தால் என்ன ஆகும்? 2023 ஜூலையில் திருத்தப்பட்ட விகிதப்படி, குடும்ப உறுப்பினர்களுக்கிடையே ஒவ்வொரு பங்குக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10 ஆயிரம். 10 லட்சம் பங்குள்ள மகளுக்கு 20 ஆயிரம் ரூபாய், 20 லட்சம் பங்குள்ள மகனுக்கு 30 ஆயிரம் ரூபாய். அதோடு முடிந்தது. வழக்கிலோ, இந்தத் தொகை தொடக்கச் செலவுக்கே சரியாகப் போய்விடலாம்.

வழக்கு தொடுத்த பிறகும் சமரசத்துக்கு வழி அடைபடவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்தத் தீர்வின் மீது மேல்முறையீடும் இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொள்பவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

பள்ளிவாசலில் வைத்துப் பேசி முடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் ஜமாஅத் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் சொத்து பிரிந்துவிட்டதாக நினைக்கிறோம். பத்திரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் வரை அந்தச் சமரசம் அரைகுறையே. பத்து ஆண்டு கழித்து அதுவே புதிய வழக்குக்குக் காரணமாகும்.

வக்ஃப் சொத்துகளுக்கும் இது பொருந்தும். ஆக்கிரமிக்கப்பட்ட வக்ஃப் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்ற பாதுகாப்பை 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவில் வேறு சில பிரிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன, இது நிறுத்தப்படவில்லை. "வக்கீலுக்குக் கொடுக்க நிதி இல்லை, பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திப்போடும் நிர்வாகங்கள், சொத்தையே இழக்கும் ஆபத்தில் இருக்கின்றன. அதே நேரத்தில், வழக்குக்காகச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். எழுத்துப்பூர்வமான கட்டண ஒப்பந்தமும் ரசீதும் அங்கே இன்னும் கட்டாயம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியது எளிது. ஊரில் உள்ள சிவில் வழக்கறிஞர்கள் இருவரை மாதம் ஒருநாள் பள்ளிவாசல் வளாகத்துக்கு அழைத்து, ஆண்களும் பெண்களும் சந்தேகம் கேட்க ஏற்பாடு செய்யலாம். இலவசச் சட்ட உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தர ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கலாம். ஒருவர் இறந்தால் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள் ஆகியவற்றைத் திரட்டுவதில் அந்தக் குடும்பத்துக்கு உதவி, பங்கீட்டைத் தள்ளிப்போடாமல் முடித்து வைக்கலாம்.

ஜனாஸா தொழுகை முடிந்ததும் "இறந்தவருக்குக் கடன் இருந்தால் வாரிசுகளிடம் கேளுங்கள்" என்று அறிவிக்கிறோம். அவர் விட்டுச் சென்றதில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் அதே இடத்தில் சொல்ல ஆரம்பித்தால், நீதிமன்றப் படியேறும் பல குடும்பங்கள் அந்தச் செலவிலிருந்து தப்பும், இன்ஷா அல்லாஹ்.