சபையில் எழுந்து நின்றால்...

பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய வீடுகளிலே முதலாண்டில் எழும் கவலைகள் பல. விடுதிச் சாப்பாடு ஒன்று, கைச்செலவு மற்றொன்று. இவற்றைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லி விடுவார்கள். சொல்லாமல் மனத்துள் வைத்துப் புழுங்கும் கவலையும் ஒன்று உண்டு. ஆங்கில வகுப்பிலே பலர் முன் எழுந்து நின்று பேச வேண்டுமே என்னும் கவலைதான் அது.

நம் பிள்ளைகளுட் பெரும்பாலார் தமிழிலே கற்று, தமிழிலே உயர்தரப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலிய பீடங்களுட் புகுந்ததும் விரிவுரைகள் ஆங்கிலமாகி விடுகின்றன. நேற்றுவரை வகுப்பிலே முதலிற் கையை உயர்த்தியவர், இன்று பின்வாங்கிலே மௌனியாக அமர்ந்து விடுகின்றார். அவருடைய அறிவு குறைந்து விடவில்லை. அது வெளிவரும் வாயில் அடைபட்டிருக்கின்றது. ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நாளடைவில் அவருக்கே அவ்வாறு தோன்றத் தொடங்கி விடும். பொல்லாப்பு அங்கேதான் இருக்கின்றது.

எமது பெறாமகள் ஒருத்தி வடமராட்சியிலிருந்து தெற்கேயுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்றவள். ஆங்கில வகுப்பிலே ஐந்து நிமிட உரையொன்று நிகழ்த்தும்படி அவளைப் பணித்தனர். பூமி வெப்பமடைதலைப் பற்றி இணையத்திலே கிடைத்த அழகிய கட்டுரையொன்றை எடுத்து, ஒரு வாரம் இருந்து மனனஞ் செய்தாள். முதலாம் பந்தி மழைபோற் பொழிந்தது. இரண்டாம் பந்தியில் ஒரு சொல் தவறிற்று. அதனோடு அடுத்த சொல்லும், அடுத்த வசனமும், கட்டுரை முழுவதுமே போயிற்று. பின்னாலிருந்து யாரோ சிரித்தனர். அவள் ஒன்றும் பேசாது போய் இருந்து விட்டாள். அன்றிரவு தொலைபேசியில், "அம்மா, நான் வீட்டை வரப்போறன், எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்" என்றாளாம். இரண்டாந் தரம் பரீட்சை எழுதிப் பெற்ற இடம் அது. எமது தமையனார் அன்றிரவு உறங்கவில்லை.

மனனஞ் செய்தவர் பேசும்போது பொருளை நினைப்பதில்லை. சொற்களின் வரிசையை மாத்திரமே நினைக்கின்றார். துலாக்கயிறு ஓரிடத்தில் அறுந்தாற் போதும், வாளி நீருடன் கிணற்றுக்குள்ளே போய்விடும். ஆங்கிலம் போதாமையாலே தான் தோற்றதாக அவள் எண்ணினாள். எமக்கோ, தனக்குரிய பொருள் ஒன்று இல்லாமையாலேயே தோற்றாள் என்று பட்டது.

மறுமுறைக்கு முன், "உனக்கு நன்றாகத் தெரிந்தது எது?" என்று கேட்டோம். "எங்கடை கிணறுதான் தெரியும், சித்தப்பா" என்றாள் சலிப்போடு. அதையே பேசச் சொன்னோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு படலம்போல் மிதக்கின்றது. மிதமிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டங்களில் அளவின்றி உரமிட்டால் நைத்திரேற்று இறங்கிக் குடிநீரிற் கலக்கும். இவையெல்லாம் அவள் வகுப்பிலும் வளவிலும் கண்டு கேட்டவை.

அவள் எழுதிய தாளிலே ஐந்து சொற்களே இருந்தன: மழை, கல், கிணறு, உவர், உரம். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மாத்திரம் மனத்திற் பதித்துக் கொண்டாள். தொடங்கத் தெரிந்தவருக்கும் முடிக்கத் தெரிந்தவருக்கும் நடுவழியில் அச்சம் குறைவு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் என்று கணக்கிட்டால், ஐந்து நிமிடத்துக்கு 500 சொற்களே வேண்டும். அதற்கு மேற்பட்டதை வெட்டினாள். திரையிற் காட்டுவதற்கு எழுத்து நிறைந்த பத்து ஸ்லைட்டுகளை விடுத்து, கிணற்றின் குறுக்குவெட்டு முகப் படம் ஒன்றே கொண்டு சென்றாள். திரையில் எழுத்தை நிரப்பியவர் அதை வாசிப்பதற்காகச் சபைக்கு முதுகு காட்ட நேரிடுகின்றது.

பின்பு ஒத்திகை. கேட்பவர் யார்? எமது அண்ணியாருக்கு ஆங்கிலம் தெரியாது. எனினும் ஒவ்வோர் இரவும் தொலைபேசியைக் காதில் வைத்து, மகள் பேசுவதை முழுவதும் கேட்டார். மூன்றாம் நாள், "பிள்ளை, இதிலை நீ பார்த்து வாசிக்கிறாய், உரத்தைப் பற்றிச் சொல்லேக்கைதான் என்னோடை கதைக்கிறாய்" என்றார். ஒரு சொல்லும் விளங்காத தாய் அவ்வளவு சரியாகப் பிடித்து விட்டார்! வாசிப்பவரின் குரல் ஒரே மட்டமாய் ஓடும். பேசுபவரின் குரல் கேட்பவரைத் தேடி ஏறியிறங்கும். இதனை அறிய ஆங்கிலம் வேண்டியதில்லை.

மறுமுறை அவள் பேசியபோது இலக்கணப் பிழைகள் இருக்கவே செய்தன. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. இருவர் கேள்வி கேட்டனர். ஒன்றுக்கு விடை கூறினாள். மற்றதற்கு, "இப்போது தெரியாது, அறிந்து அடுத்த வகுப்பிற் கூறுகிறேன்" என்று ஆங்கிலத்தில் மொழிந்தாள். இந்த ஒரு வசனத்தைக் கூசாமற் சொல்லப் பழகியவரைக் கேள்விகள் அச்சுறுத்துவதில்லை.

திருவள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ளார். அந்த வரிசையிலேயே ஒரு பாடம் இருப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. சபையிலிருப்போர் யார், அவர்கள் அறிந்தது எது, அறியாதது எது என்று முதலிற் சிந்திப்பவருக்கு அஞ்சாமை பின்னே வரும்.

உரை முடிந்தது, அடுத்த தவணையில் விவாதம் வந்தது. உலகப் பல்கலைக்கழகங்களின் விவாதப் போட்டி 1981ஆம் ஆண்டு கிளாஸ்கோவிலே தொடங்கியது. அதிலே எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பேச்சாளர் தெரிந்து கொள்ள முடியாது; தலைப்பு வெளியாகிப் 15 நிமிடங்களிற் பேச்சுத் தொடங்கி விடும். வகுப்பறையிலே ஒரு வாரம் தவணை கொடுத்தனர். பக்கத்தை மாத்திரம் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தனர். தலைப்பு, "பல்கலைக்கழகப் போதனை முழுவதும் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும்" என்பது. எமது பெறாமகளுக்கு வாய்த்ததோ, வேண்டும் என்னும் பக்கம்! ஆங்கிலத்தால் அழுதவள் ஆங்கிலத்துக்காக வாதாட வேண்டியதாயிற்று.

"என்ன செய்வன், சித்தப்பா?" என்றாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியாரை நினைவூட்டினோம். அந்நூலின் முதற் பகுதி பரபக்கம். தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் அதன் பின்னரே வருகின்றது. பரபக்கத்திலே பிறருடைய கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்பே மறுக்கின்றார். ஆகவே தாளை நடுவிற் கோடிட்டுப் பிரித்து, இடப்புறத்தில் எதிரணியின் மிக வலிய நியாயங்கள் மூன்றை, அவர்களே ஏற்றுக்கொள்ளும்படி எழுதச் சொன்னோம். வலப்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் விடை எழுத வேண்டும். மெலிந்த நியாயத்தை எதிரிக்குக் கற்பித்து, அதனை வீழ்த்தி மகிழ்வது விவாதமாகாது.

இடப்புறம் அவளுக்கு எளிதாயிருந்தது. அது அவள் பட்ட பாடுதானே! கிராமத்துப் பிள்ளை வாயடைத்துப் போவதையும், விளங்காத விரிவுரையைப் பிரதிபண்ணுவதையும் எழுதினாள். வலப்புறத்துக்கு நூலகத்தில் மூன்று நாள் தேடினாள். புதிய ஆய்வுகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. சிங்களமும் தமிழும் பேசும் மாணவர் ஒரே ஆய்வுகூடத்திற் கூடி வேலை செய்யப் பொதுமொழி ஒன்று வேண்டியிருக்கின்றது. இவற்றைத் தேடித் தொகுத்தாள்.

வெற்றி எதிரணிக்கே கிட்டியது. ஆனால் அன்றிரவு அவள் கூறியது எம் நெஞ்சில் நிற்கின்றது: "அவை சொன்னதெல்லாம் என்ரை மனசிலை இருந்தது, சித்தப்பா. ஆனா நான் சொன்னதிலையும் பாதி இப்ப உண்மையாத்தான் படுது." தாய்மொழிப் போதனையை விரும்பும் எமக்கு இது முழுமனதோடு உவப்பானதன்று. எனினும், தன் காயத்தையே எதிர்ப்புறத்தில் நின்று பார்க்க ஒரு பிள்ளை கற்றுக்கொண்டதெனில், ஆங்கில வகுப்பு ஆங்கிலத்திலும் பெரிய ஒன்றைக் கற்பித்திருக்கின்றது.

மாணவர்களே, அடுத்தவன் எழுந்து தடுமாறும்போது சிரிக்காதிருங்கள். ஒரு சிரிப்பு ஒரு பிள்ளையை ஊருக்குத் திருப்பி அனுப்பி விடக் கூடும். பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். இரவிலே பத்து நிமிடம் செவி கொடுங்கள். பிள்ளை வாசிக்கிறதா, பேசுகிறதா என்று சொல்லுங்கள்; அதுவே போதும்.