முகவரி வேறு, மாறி வேறு

ஸ்கிரிப்ட் மொழியின் மாறிகளைத் தொகுக்கப்பட்ட சி நிரல் நினைவக முகவரி வழியே நேரடியாகத் தொடுவதே சிக்கனம் என்றும், லுவா மொழி இடையில் வைத்துள்ள அடுக்கு, அதாவது இரு தரப்பும் மதிப்புகளை வைத்து எடுக்கும் பொதுவிடம், வீண் சுற்றுவழி என்றும் வாதிடுவோர், முகவரியையும் மாறியையும் ஒன்றெனக் கொள்கின்றனர். சி மொழியில் மாறியின் வகை தொகுக்கும்போதே உறுதியாகிவிட, 1993-இல் பிரேசிலில் உருவான லுவாவில் வகை மதிப்போடு ஒட்டியிருப்பதால், எண்ணைத் தாங்கிய பெயர் அடுத்த வரியிலேயே சரத்தைத் தாங்கக்கூடும். மேலும், பயனற்ற நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான், சி நிரல் தனியே பதுக்கிய முகவரியை அறியாது. அடுக்கில் உள்ள மதிப்பையோ அது விடுவிப்பதில்லை.

டிசிஎல் என்னும் ஸ்கிரிப்ட் மொழியில், சி மாறியை ஸ்கிரிப்ட் மாறியோடு பிணைக்கும் இணைப்பு வசதி இதற்கு எதிர்ச்சான்றாகாது. அங்கும் இணைக்கும்போதே வகையை அறிவித்தாக வேண்டும் என்பதோடு, வாசிப்பையும் எழுத்தையும் கண்காணித்து மதிப்பை நகலெடுத்தே அவ்வசதி இயங்குகிறது. பெரிய எண் அணிகளுக்கு நகலெடுப்பு சுமைதான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றை நகலின்றிப் பகிரும் பைத்தானின் இடையக நெறிமுறைகூட, உறுப்பின் வகையையும் அணியின் வடிவத்தையும் அறிவித்து, பயன்பாடு முடியும்வரை அந்த நினைவகத்துக்கு உரிய பொருளை விடுவிக்காமல் பிடித்துவைத்த பின்னரே முகவரியை ஒப்படைக்கிறது. ஆகவே, நேரடிப் பகிர்வு விதிகளை நீக்குவதில்லை. அவற்றை மேலும் கடுமையாகக் கோருகிறது.