மூலமும் வெட்கமும்

நம் நாட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் தெரு முழுவதற்கும் தெரியும். பல்வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கடைவீதிக்குப் போவான். ஆனால் வெளிக்குப் போகும்போது இரத்தம் போனால் மாத்திரம் கட்டிய மனைவிக்கும் சொல்லமாட்டான். பெண்ணாயிருந்தால் பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டாள். கேட்டால் வெட்கமாம். மூல வியாதி தானாக ஒருவரைக் கொல்லுவது மிக மிக அபூர்வம். ஆனால் இந்த வெட்கம் பலருடைய உயிருக்கே உலை வைக்கக் கூடியது என்பதைத்தான் இங்கு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

செங்கற்பட்டு, 1929-ஆம் வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய ஊர். மனிதனுக்கு மானம் வேண்டுமென்று பேசப்பட்ட ஊர். அதே ஜில்லாவில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளுகின்ற கடற்கரையிலே, வீட்டில் கக்கூஸ் இல்லாத பெண்கள் சவுக்குத் தோப்புப் பக்கம் போக இருட்டும் வரையில் அடக்கிக்கொண்டிருந்ததும் மானத்தின் பேரால்தான். இன்றும் மீன்கூடையுடன் ஊர் ஊராய்ப் போகிறவளுக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் அதே கதிதான். போக இடமில்லையென்று தண்ணீரையும் குடிப்பதில்லை. அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் முக்க வேண்டும், முக்கினால் மூலம். இதில் தலைவிதிக்கு என்ன வேலை?

ஆனால் தலைவிதிக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. பூர்வ ஜென்ம பாவம் என்பார்கள். தாயத்துக் கட்டச் சொல்லுவார்கள். இந்தப் பைத்தியம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில், 1 சாமுவேல் புஸ்தகத்தில், பெட்டியைக் கவர்ந்துபோன பெலிஸ்தருக்குக் கடவுள் மூலவியாதியைத் தண்டனையாகக் கொடுத்ததாகவும், அவர்கள் பொன்னால் ஐந்து மூலவியாதிச் சுரூபங்கள் செய்து காணிக்கை அனுப்பியதாகவும் தமிழ் மொழிபெயர்ப்பிலேயே காணலாம். பிரான்சு தேசத்தில் மூலத்துக்கென்றே பியாக்கர் என்ற ஒரு புனிதர் இருந்தார். எந்த மதமாயிருந்தாலும் நோயாளியின் வெட்கம் சாமிக்கு வருமானமாகவே இருந்திருக்கின்றது.

நிற்க, மூலம் என்பதுதான் என்ன? மலவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதைகள் எல்லா மனிதருக்கும் உண்டு. மலமும் காற்றும் ஒழுகாமல் அடைத்து நிற்பதே அவற்றின் வேலை. முக்குவதாலும், வெகுநேரம் கக்கூஸில் உட்கார்ந்திருப்பதாலும், கர்ப்ப காலத்துப் பாரத்தாலும் அவை வீங்கித் தம் பிடிப்பை விட்டுச் சரிந்தால் அதற்குப் பெயர் மூலம். இரத்தம் மாத்திரம் போவது முதல் நிலை. வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாவது. கையால் தள்ளினால் போவது மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது.

மீனும் கோழியும் சூடு, அதனால்தான் மூலம் என்பது வழக்கமான பேச்சு. குற்றம் மீனில் இல்லை. மீனுக்குப் பக்கத்தில் கீரையும் பயறும் இல்லாததுதான் குற்றம். துத்திக் கீரையையும் கருணைக் கிழங்கையும் நாம் பழிக்கவில்லை. அவற்றிலும் நார் உண்டு, தின்னட்டும். ஆனால் அவற்றின் பேரைச் சொல்லி டப்பாவில் அடைத்து, “ஒரே வாரத்தில் அடியோடு குணம்” என்று சுவரெல்லாம் ஒட்டுகிறவனை நம்பவேண்டாம் என்கின்றோம். மருந்தைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் வருஷமே சட்டம் வந்தாய்விட்டது. ஆயினும் சுவரொட்டி குறையவில்லை. ஏனெனில் வெட்கப்படுகிறவன் ஏமாந்தாலும் வெளியில் சொல்லமாட்டான் என்பது ஒட்டுகிறவனுக்கு நன்றாய்த் தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. இரத்தம் போவதெல்லாம் மூலமல்ல. கத்தியால் அறுப்பதுபோல் வலித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. பக்கத்தில் துவாரம் விழுந்து சீழ் வந்தால் பவுத்திரம். இரத்தம் மலத்தோடு கலந்து வருவது, மலம் தார் போல் கறுத்துப் போவது, போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருப்பது, காரணமின்றி உடம்பு இளைப்பது ஆகியவை குடலில் புற்றுநோய் இருப்பதற்கும் அறிகுறியாகலாம். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தக்கூடிய அந்த நோயை, “மூலந்தான்” என்று தானே தீர்மானித்து மூன்று வருஷம் லேகியம் தின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? கையுறை போட்ட விரலாலும் ஒரு சிறு குழாயாலும் வைத்தியர் பார்ப்பதற்குச் சில நிமிஷம்தான். சந்தேகமிருந்தால் குடல் முழுவதையும் கருவி விட்டுப் பார்ப்பார்கள். அன்றியும் மூலமாகவே இருந்தாலும், மாதக்கணக்கில் இரத்தம் போனால் சோகை பிடிக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும்.

செய்யவேண்டியது பிரமாதமல்ல. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் சேரும்படி கேழ்வரகு, கம்பு, முழுப்பயறு, கீரை, கொய்யா இவற்றைத் தின்று, தாராளமாய்த் தண்ணீர் குடிக்கவேண்டும். போதாவிட்டால் இசப்கோல் உமி உண்டு. நார் சேர்த்துக் கொண்டவர்களுக்கு இரத்தப்போக்கு ஏறக்குறைய பாதி குறைந்ததாக, ஏழு பரிசோதனைகளைச் சேர்த்து 2005-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. உந்துதல் வந்தால் உடனே போகவேண்டும். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு கக்கூஸில் குடியிருக்கக் கூடாது. வலிக்கு, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரலாம்.

இதனால் நிற்காவிட்டால் உள்மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டுவார்கள். 1963-ல் பாரன் என்ற அமெரிக்க வைத்தியர் பரவச் செய்த முறை இது. அந்த இடத்தில் வலி அறியும் நரம்பு இல்லாததால் பெரிய நோவு இருக்காது. சில நாளில் சதை தானே உதிர்ந்துவிடும். முற்றினால்தான் அறுவை. 1965-ல் தொடங்கிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியின் சர்க்கார் ஆஸ்பத்திரி ஏழைகளுக்காகத்தான் இருக்கிறது. பெண் வைத்தியர்தான் பார்க்கவேண்டுமென்று கேட்பதற்கும் பெண்களுக்கு முழுப் பாத்தியதை உண்டு.

முகத்தில் பிறந்தவன் மேல், காலில் பிறந்தவன் கீழ் என்று கதை கட்டிய நாட்டில், உடம்பிலும் மேல் பாகம் உயர்வு, கீழ்ப் பாகம் இழிவு என்று நினைப்பது ஆச்சரியமல்ல. வாய் சாப்பிடுவதற்கு வெட்கமில்லையென்றால் மலவாய் கழிப்பதற்கு மாத்திரம் என்ன வெட்கம்? ஆகவே, இதைப் படிக்கும் ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் இதைப் படித்துக்காட்டி, இரத்தம் போகிறதா என்று வாய்விட்டுக் கேட்கட்டும். தங்களுக்குப் போனால் தாங்களும் சொல்லட்டும். மீன் விற்கும் சந்தையிலும், கல் செதுக்கும் பட்டறையிலும், பெண்கள் கூலிக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரும் கதவும் உள்ள கக்கூஸ் வேண்டுமென்று பஞ்சாயத்தாரைக் கேட்கட்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் அதைக் கட்டிக் கொடுக்காதவர்களேயன்றி நோயாளிகள் அல்லவென்று சொல்லுவோம்.