நான்கு எழுத்துக்குள் அடங்காத நிழல்

உளவியலாளர் கார்ல் யுங்கின் பெயரால் இன்று பரவலாக நம்பப்படும் ஒரு கருத்து உண்டு. ஒருவரின் ஆளுமை வகை தெரிந்துவிட்டால், அவர் தனக்கே மறைத்துவைத்திருக்கும் நிழல் பக்கமும் தெரிந்துவிடும் என்பது அது. எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமைக் கேள்வித்தாளை நிரப்பினால் நான்கு எழுத்துகள் வரும். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மாற்றிப்போட்டால் நிழல் வந்துவிடுமாம். ஐ.என்.எஃப்.ஜே. என்றால் நிழல் இ.என்.எஃப்.பி.; ஐ.எஸ்.டி.ஜே. என்றால் இ.எஸ்.டி.பி. அலுவலகப் பயிலரங்கு ஒன்றில் இதை அட்டவணையாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். நானும் அதைப் பல மாதங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். யுங்கை நேசித்துப் படிப்பவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்: அந்த அட்டவணை தவறு. நிழல் எங்கே தென்படுமோ அங்கே பார்க்கவிடாமல் நம் கண்ணைத் திருப்பிவிடும் தவறு.

'இதெல்லாம் யுங் சொன்னதுதானே' என்பார்கள். யுங் சொன்னது எவ்வளவு என்று பார்ப்போம். 'உளவியல் வகைகள்' நூல் 1921இல் வெளிவந்தது. ஒரே நோயாளியைச் சமகால உளவியலாளர்களான ஃபிராய்டு ஒரு விதமாகவும் ஆட்லர் வேறு விதமாகவும் புரிந்துகொள்கிறார்களே, ஏன் என்ற கேள்வி யுங்கைப் பல ஆண்டுகள் உறுத்தியிருந்தது. பார்ப்பவரின் மனஅமைப்பே பார்வையைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அகமுகம், புறமுகம் என்ற இரு போக்குகளும், சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கு செயல்பாடுகளும் இப்படிப் பிறந்தவை. தடித்த அந்த நூலில் வகைகளை விவரிப்பது பத்தாம் அத்தியாயம். வாசகர்கள் மற்றதையெல்லாம் தாண்டி நேராக அங்கே போய் நின்றார்கள். 1934இல் அர்ஜென்டினப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் யுங் இதைச் சொல்லி வருந்தினார். மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் முத்திரை குத்துவது சிறுபிள்ளை விளையாட்டு என்பது அவர் கருத்து. சிகிச்சையில் வந்து குவியும் அனுபவங்களை ஒழுங்குபடுத்திப் பார்க்க ஒரு கருவி வேண்டும். வகைகளை அவர் அதற்காகத்தான் வகுத்தார்.

கேள்வித்தாள் பிறகு வந்தது. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும், உளவியலில் முறையான பயிற்சி இல்லாதவர்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை உருவாக்கினார்கள். ஜே, பி என்ற நான்காவது எழுத்தைத் தனி அளவாகச் சேர்த்தவர்களும் அவர்களே. நிழலில் எந்தச் செயல்பாடு எந்த வரிசையில் நிற்கும் என்ற எட்டுப் படி அமைப்பு, அதற்கும் பிந்தி, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜான் பீபி என்ற யுங்கிய மருத்துவர் வகுத்தது. ஆக, மாற்றிப்போடச் சொல்கிற இரண்டு எழுத்துகளில் ஒன்று யுங்குடையதே அல்ல.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. ஒரு செயல்பாட்டை ஒருவர் ஓயாமல் வளர்த்தால் அதற்கு எதிரானது வளராமல் பின்தங்கிவிடும் என்று யுங் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் தர்க்கத்தால் அளக்கும் பேராசிரியர் அன்பைச் சொல்ல வரும்போது குழந்தைபோலத் தடுமாறுவார். வளராத அந்தப் பக்கத்தின் வழியாக நனவிலி உள்ளே நுழைகிறது என்பதை யுங்கின் மாணவி மேரி லூயிஸ் ஃபான் ஃபிரான்ஸ் விரிவாகப் பேசியிருக்கிறார். இதை நான் ஏற்கிறேன். ஆனால் அது வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். வாசலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொருவரும் வளர்ந்த வீட்டைப் பொறுத்தது. ஒரே நான்கெழுத்துக் கிடைத்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி, பெண்பிள்ளை குரல் உயர்த்தக் கூடாது என்ற வீட்டில் வளர்ந்தாள். அவள் புதைத்தது கோபத்தை. இன்னொருவன், ஆண்பிள்ளை அழுவதா என்று அதட்டிய வீட்டில் வளர்ந்தான். அவன் புதைத்தது துக்கத்தை. இருவருக்கும் ஒரே நிழலை எழுதித் தருகிறது அட்டவணை. 'நான் இப்படிப்பட்டவன் இல்லை' என்று ஒருவர் தள்ளிவைத்த அத்தனையும் சேர்ந்ததுதான் நிழல். தள்ளியது எதை, யாருக்குப் பயந்து என்பதெல்லாம் எழுத்துக்கு எப்படித் தெரியும்?

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றும் மறுப்பு கேள்வித்தாளைப் பற்றியது. 'விருந்துகளில் புதியவர்களோடு பேசுவீர்களா', 'திட்டமிட்டு வேலை செய்வீர்களா' என்று அது கேட்கிறது. பதில் சொல்வது யார்? நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம்தான் பதில் சொல்கிறது. அந்த எண்ணத்தில் இடம் கிடைக்காததற்குத்தான் நிழல் என்று பெயர். வீட்டில் என்ன காணாமல்போனது என்று திருடனிடமே வாக்குமூலம் வாங்குவது போன்றது இது. இந்தச் சிக்கல் யுங்குக்கு நன்றாகத் தெரியும். சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், சொல்தொடர்புச் சோதனைகளை அவர் நடத்தினார். மருத்துவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். எதிரில் இருப்பவர் மனத்தில் முதலில் எழும் சொல்லைச் சொல்ல வேண்டும். யுங் நிறுத்துகடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் குறிப்பார். பத்துச் சொல்லுக்குச் சட்டென்று பதில் சொன்னவர் பதினோராவது சொல்லில் தயங்குவார். அல்லது உளறுவார், சிரிப்பார், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார். தயங்கியது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அந்தத் தயக்கத்தில்தான் யுங் தேடினார். மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலத்தை அப்படியே நம்பியிருந்தால் அவருக்குக் கடிகாரமே தேவைப்பட்டிருக்காது.

'எனக்கு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறதே' என்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையை நினைவூட்டினால் போதும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு விவரணையைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே விவரணை. அதன் வரிகள் சோதிட நூலில் பொறுக்கியவை. இதோடு, எம்.பி.டி.ஐ. எழுதியவர்கள் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் அவர்களில் பலருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. எழுத்து மாறினால் நிழலும் மாறிவிடுமா?

'சரி, அறிவியலாக இல்லாவிட்டால் போகிறது, தன்னைப் பற்றி யோசிக்க வைக்கிறது அல்லவா' என்பது கடைசி வாதம். என் கவலையே இதில்தான். நிழல் என்பது ஒழுக்கம் சார்ந்த சிக்கல், அதை உணர்வதற்குக் கணிசமான மனத்துணிவு வேண்டும் என்று 1951இல் வந்த 'ஐயோன்' நூலில் யுங் எழுதினார். அட்டவணையோ அந்தத் துணிவுக்கு வேலையே வைப்பதில்லை. 'நான் டி வகை, அதாவது சிந்தனை வகை, முகத்துக்கு நேரேதான் பேசுவேன்' என்று சொல்லி ஒருவரை அழவைத்தவரைப் பார்த்திருக்கிறேன். செய்த காரியத்துக்கு அவரிடம் ஒரு பெயர் இருந்தது. அதனால் வெட்கம் இல்லாமல் போயிற்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிழல் புலனறிவு, நெருக்கடி வந்தால் அளவு மீறிச் சாப்பிடுவீர்கள் என்றது என் அட்டவணை. அதே ஆண்டு எங்கள் குழுவில் ஒரு பெண் சம்பள உயர்வை நேரடியாகக் கேட்டார். கிடைக்காதபோது மறுபடியும் கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பேராசைக்காரி என்று வீட்டில் வந்து திட்டினேன். "அவங்க கேட்டா உங்களுக்கென்னங்க?" என்றாள் மனைவி. எனக்குப் பதில் வரவில்லை. கூலியைக்கூட வாய்விட்டுக் கேட்காமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்த அப்பாவை மரியாதையின் உருவமாகப் பார்த்து வளர்ந்தவன் நான். பதினொரு ஆண்டுகள் அதே அலுவலகத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை; ஒவ்வொரு ஏப்ரலிலும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆசை என்னுடையது. திட்டு அவருக்கு.

அடுத்த ஏப்ரலில் நானும் கேட்டேன். குரல் நடுங்கியது, சொல்ல நினைத்ததில் பாதியைத்தான் சொன்னேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் தன் இருக்கையில் வேலையாக இருந்தார். அவரை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிந்தது.