கொல்லிமலைப் பிள்ளைக்கு முதல் சொல் எது?

தோழர்களே, ஒரு சின்னக் கேள்வி. "நாடு" என்றால் என்ன?

நமக்கு நாடு என்றால் இந்தியா, இல்லைன்னா தமிழ்நாடு. கொல்லிமலைக்கு மேலே ஏறிப் பாருங்க. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளுக்கே அப்படித்தான் பெயர். அங்கே நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. சோழர் காலக் கல்வெட்டிலும் நாடு என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை "எங்க நாடு வளப்பூர்"னு சொன்னா, சிரிச்சுத் திருத்துறதா, அந்தச் சொல்லிலிருந்தே படிக்க வைக்கிறதா?

இதை இப்போ பேசக் காரணம் இருக்கு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு, 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குச் சரளமாக வாசிக்க வருதா என்பது ஊரெல்லாம் பேசப்படுகிறது. அதுக்கு உதவும் வழிகளில் ஒன்று, பார்த்ததும் படிக்கும் சொற்களின் பட்டியல். எழுத்துக் கூட்டாமல் கண்ட உடனே வாயில் வர வேண்டிய சொற்கள்.

இங்கிலீஷில் இதற்குப் பேர்போனது, அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்கள். இங்கிலீஷில் எழுதுவது ஒன்று, உச்சரிப்பது வேறு என்பதால் அவர்களுக்கு அது அவசியம். தமிழில் அந்தத் தொல்லை குறைவு. அப்போ நமக்கு எதுக்கு என்று கேட்கலாம்.

நம்ம தொல்லை வேறு, சொல்லின் நீளம். "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதை எண்ணிப் பாருங்க, 13 எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் பிள்ளைக்கு முதல் எழுத்து மறந்துபோகும். வீட்டிலோ அது "வந்துட்டு இருக்காங்க". ஆகவே தமிழ்ப் பட்டியலில் ஒரு, இந்த, அந்த, என்று, போல மாதிரியான சொற்களோடு, சொல்லின் வால்களும் இருக்கணும். "இலிருந்து", "கிறார்கள்" இரண்டையும் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டா நூறு சொல் திறக்கும். பேச்சு வடிவத்தை ஆசிரியர் வாயால் சொல்லி, எழுத்து வடிவத்தைக் கரும்பலகையில் காட்டினால் போதும். புத்தகத்தைக் கொச்சையாக எழுதச் சொல்லவில்லை.

டால்ச் செய்த இன்னொரு வேலை நமக்கு முக்கியம். 220-இல் பெயர்ச்சொல்லே கிடையாது. பெயர்ச்சொல் பாடத்துக்குப் பாடம் மாறும் என்று தனியாக வைத்துவிட்டார். பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைகள் பேசும் சொற்களைத் திரட்டிய பட்டியலையும் எடுத்துக்கொண்டார்.

நாமும் அப்படிப் பிரிக்கலாமே? இணைப்புச் சொற்களும் வால்களும் மாநிலம் முழுக்க ஒன்றுதான். சென்னையில் உட்கார்ந்து போடட்டும். பெயர்ச்சொற்களை அந்தந்த ஊர் போடட்டும். இப்போ நம்ம எழுத்து அட்டையில் "ஒ" என்றால் ஒட்டகம், "ஓ" என்றால் ஓடம். எழுத்துக்காகத் தேடிப் பிடிச்ச சொற்கள், பிள்ளைக்காகத் தேடியவை அல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் பிள்ளைக்குத் தெரிஞ்சது சாமை, மிளகு, பலா, காப்பி, மேடு, பனி. ஒட்டகம் மூணாம் வகுப்பில், பாலைவனத்தோட சேர்ந்தே வரட்டும், யார் வேண்டாம்னாங்க!

"மலைச்சொல் படிச்சா பிள்ளை பின்தங்கிடும்" என்று சிலர் சொல்வார்கள். அங்குள்ள மலையாளி மக்கள் பேசுவது தமிழ்தான். (பெயரைப் பார்த்துக் கேரளம்னு நினைக்காதீங்க, மலையை ஆள்பவர் என்றே பொருள் சொல்வார்கள்.) தன் தமிழைப் புத்தகத்தில் பார்க்காத பிள்ளைதான் வாயை மூடிக்கொள்கிறது. தாய்மொழி வேறாகவே உள்ள பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒடிசா அரசு பழங்குடி மொழிகளிலேயே தொடக்கக் கல்வி நடத்துகிறது. ஒரே மொழிக்குள் நம்மால் ஒரு சொற்பட்டியல் போட முடியாதா?

செலவு பெருசில்லை. ஆசிரியர்கள் ஒரு மாதம் பிள்ளைகள் பேசுவதைக் குறித்து வைக்கணும், அடிக்கடி வரும் சொற்களை எண்ணணும், வகுப்புச் சுவரில் எழுதணும். பள்ளிக்கல்வித் துறைப் பள்ளி, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி இரண்டுமே மலையில் உண்டு. ஒரு துறை செய்து மறு துறை சும்மா இருந்தால் பாதிப் பிள்ளைகள் விடுபடுவார்கள். இரண்டு துறையும் சேர்ந்து உத்தரவு போடணும் என்பதே நம் கோரிக்கை.

செம்மேடு, சோளக்காடு பக்கம் உள்ள தோழர்கள் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்புங்க. உங்க வீட்டுப் பிள்ளை ஒரு நாளில் அதிகம் பேசும் பத்துச் சொல்லைக் கீழே எழுதுங்க, எல்லாவற்றையும் தொகுத்துக் கோரிக்கை மனுவோடு கொடுப்போம்.

#கொல்லிமலை #தாய்மொழிக்கல்வி