ஒக்கியம் மடுவுக்கு மேலே நீர் நிற்க இடம் வேண்டும்

தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து அது வெளியேற இருக்கும் பெரிய வழி ஒன்றுதான்: ஒக்கியம் மடுவு. பழைய மாமல்லபுரம் சாலைப் பாலத்துக்கு அடியில் ஓடி, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே வெகுதூரம் போய், முட்டுக்காட்டுக்கு அருகே கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது அந்த நீர். கிழக்கே பக்கத்திலேயே கடல் இருந்தும், குறுக்கே கிடக்கும் மணல் மேடு நேராகப் போக விடுவதில்லை. வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் வீடுகளுக்குள் புகும் நீரின் கதை இந்த ஒற்றைக் கழுத்தில் வந்து முடிகிறது. ஆனால் நம் வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 'நீரை எப்படி விரைவாக வெளியேற்றுவது' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. வெளியேறும்வரை அந்த நீர் எங்கே நிற்கும் என்று யாரும் முதலில் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. கொஞ்சம் குறைத்து, 250 சதுர கிலோமீட்டரில் 40 சென்டிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொண்டாலும் விழும் நீர் சுமார் மூன்றரை டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.6 டி.எம்.சி.தான். அதாவது நிரம்பிய ஒரு செம்பரம்பாக்கம் ஓரிரு நாளில் ஒரு மடுவின் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். மழை முழுவதும் ஓடிவராது, மண் கொஞ்சம் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் கான்கிரீட் பூசிய புறநகரில் மண் குடிக்கும் அந்தப் பங்கு ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பு இந்த நீரைத் தாங்கியது சதுப்பு நிலம். 1960-களில் அதன் பரப்பு 5,500 ஹெக்டேர் அளவுக்கு இருந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. அதில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்றாலே கிட்டத்தட்ட 2 டி.எம்.சி. இன்று வனத்துறையின் கையில் காப்புக்காடாக இருப்பது 700 ஹெக்டேர் அளவுதான். அதே ஒரு மீட்டர் ஆழத்துக்கு அது கால் டி.எம்.சி.யைத் தாங்கும். மீதி நீர் தெருவிலும் வீட்டிலும் நிற்கிறது. வேறு இடம் அதற்கு இல்லை.

மழைநீர் வடிகால்கள் வீண் என்று சொல்ல வரவில்லை. வெள்ளத் தடுப்புக்காக அரசு நியமித்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை தந்தது. அதற்கு முன்பிருந்தே வடிகால் பணிகள் வேகமெடுத்தன. நகரின் மையத்தில் சாதாரண மழைக்கு நீர் தேங்கும் இடங்கள் குறைந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேட்டிலுள்ள ஒரு பகுதியில் வடிகாலைப் பெரிதாக்கினால் அங்குள்ள நீர் முன்பைவிடச் சீக்கிரம் கீழே வந்து சேரும். கீழே மடுவும் கால்வாயும் முகத்துவாரமும் அதற்கேற்ப விரியாவிட்டால், ஒரு வார்டின் நிம்மதி அடுத்த வார்டின் வெள்ளமாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மழை நின்ற பிறகும் வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. புயல் நேரத்தில் கடல் மட்டமும் உயர்கிறது. ஆற்றையும் கால்வாயையும் அது எளிதில் உள்வாங்காது. ஆகவே வேலை கடைமடையில் தொடங்கி மேலே போக வேண்டும். கோவளம் முகத்துவாரத்து மணல் திட்டை மழைக்காலத்துக்கு முன் அகற்றுவது, தெற்கு பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாருவது, மடுவின் குறுக்கே நிற்கும் தடைகளை எடுப்பது, இவை முடிந்த பிறகே மேலே புது வடிகால்.

பக்கிங்காம் கால்வாயிலிருந்து கடலுக்கு நேராக ஒரு வெட்டு போட்டால் தீர்ந்தது என்று பொறியாளர்கள் சிலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். தூரம் குறையும் என்பதால் இந்த யோசனையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் புயலில் உயரும் கடல் புது வாயையும் அடைக்கும். அலை கொண்டுவரும் மணல் அதையும் மூடும். அந்த மணல் மேட்டின் அடியில் இருக்கும் நன்னீரில் உப்பு ஏறினால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களின் கிணறுகள் என்னாகும்? கரையோர மீனவக் குப்பங்களைக் கேட்காமல் இதைச் செய்யவும் கூடாது. நேர் வெட்டு துணையாக வரலாம். இழந்த சதுப்பு நிலத்தின் வேலையை அது செய்யாது.

அடுத்த மறுப்பு நிலத்தைப் பற்றியது; அதுதான் கடினமானது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் எல்லை 1,247 ஹெக்டேர். காப்புக்காட்டுக்கு வெளியே எஞ்சும் ஐந்நூற்றுச் சொச்சம் ஹெக்டேரைச் சுற்றித்தான் இன்றைய வழக்குகள். ராம்சார் எல்லையிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதிகளை நிறுத்தும்படி 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, முறையாகப் பணம் கட்டி வீடு வாங்கியவர்கள் பதறினார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. அரசு அனுமதித்ததைத்தான் அவர்கள் வாங்கினார்கள். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதியை மனைகளாக்கியதிலும் குப்பைக் கிடங்குக்குப் பெருங்குடியில் சதுப்பு நிலத்தைத் தந்ததிலும் அரசு அமைப்புகளுக்கே பங்கு உண்டு. அடையாற்றங்கரையிலிருந்து வெள்ளத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்ட ஏழைகளைக் கொண்டுபோய் வைத்தது வெள்ளம் வரும் பெரும்பாக்கத்தில். இனியும் முதல் இழப்பை அவர்கள் தலையில் சுமத்தினால் அது அநீதி. குடியிருக்கும் வீடுகளில் கை வைக்காமலேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது: காலியாகக் கிடக்கும் தாழ்நிலத்தில் புதுக் கட்டடம் கூடாது, உரிமையாளருக்கு நியாயமான விலையோ மாற்று வளர்ச்சி உரிமையோ தரலாம், பெருங்குடியில் பழைய குப்பையை அகழ்ந்து மீட்கும் நிலம் முழுவதும் நீருக்கே திரும்ப வேண்டும், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம் போன்ற மேல் ஏரிகளின் கலங்கலும் போக்குக் கால்வாயும் சீராகி, மழைக்கு முன் அவற்றில் இடம் ஒதுக்கிவைக்கப்பட வேண்டும்.

இப்போது ஏரி ஒரு துறையிடம், வடிகால் மாநகராட்சியிடம், சதுப்பு நிலம் வனத்துறையிடம், பாலம் இன்னொருவரிடம், கட்டட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.). நீர் மட்டும் ஒன்றாக வருகிறது. இவர்கள் அனைவரின் வேலையையும் தொடும், சட்ட வலு உள்ள ஆவணம் சென்னைப் பெருநகர முழுமைத் திட்டம். 2026-உடன் இரண்டாவது திட்டத்தின் காலம் முடிகிறது, மூன்றாவது தயாராகிறது. ஒக்கியம் மடுவு வடிநிலத்தில் எத்தனை டி.எம்.சி. நீர் எந்தெந்த இடங்களில் நிற்கும் என்ற கணக்கை, சர்வே எண்களோடு, அந்தத் திட்டத்தில் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத வரைவுத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தரக் கூடாது.